சைனஸ் அறுவை சிகிச்சைக்குப் பின் ஆன்டிபயாடிக்: எப்போது தேவை, எப்போது தேவையில்லை?

நாள்பட்ட சைனஸ் அழற்சிக்காக அறுவை சிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்பியவர்களும், அவர்களைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தாரும் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சளி இன்னும் மஞ்சளாகத்தான் வருகிறது, கொடுத்த மாத்திரையோ தீர்ந்துவிட்டது. அதே மாத்திரையை இன்னும் பத்து நாள் வாங்கிக் கொடுக்கலாமா?" அக்கறையினால் எழும் கேள்விதான் இது. ஆயினும், எங்களைக் கேட்காமலே மாத்திரை வாங்கிவிட்ட குடும்பங்கள் சில பெரும் அலைச்சலுக்கு ஆளாகியிருப்பதையும் நாங்கள் கண்டிருக்கிறோம்.

நொச்சிக்குப்பத்தைச் சேர்ந்த மீனவர் ஒருவருக்கு மூக்கினுள் சதை வளர்ச்சியோடு கூடிய சைனஸ் அழற்சி இருந்தது. எண்டோஸ்கோப் எனும் உள்நோக்குக் கருவியின் துணையோடு அறுவை சிகிச்சை நல்ல முறையில் முடிந்தது. இரண்டாம் வாரத்தில் பழுப்பு நிறப் பொருக்குகளும் சற்றே துர்நாற்றமும் வந்தன. குடும்பத்தார் பழைய மருந்துச் சீட்டைக் காட்டி அதே மாத்திரையை மீண்டும் வாங்கினர். அது போதாதென்று, பக்கத்து வீட்டார் சொன்ன லீவோஃப்ளாக்சசினையும் வாங்கிக் கொடுத்தனர். ஆறாம் வாரத்தில் அவர் எங்களிடம் வந்தபோது வயிற்றுப்போக்கினால் தளர்ந்திருந்தார், மூக்கடைப்பும் தீரவில்லை. உள்நோக்கிப் பார்த்ததில், ஒரு பக்கத்தை அடைத்திருந்தது வெறும் பொருக்கு. அதை அகற்றியதுமே அப்பக்கம் மூச்சு சீராயிற்று. மறுபக்கத்தில் சிறிது சீழ் இருந்தது. கல்ச்சர் பரிசோதனையில், சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியா அதில் வளர்ந்திருப்பதும், லீவோஃப்ளாக்சசினுக்கும் அதன் இனத்தைச் சேர்ந்த மற்ற மாத்திரைகளுக்கும் அது கட்டுப்படாது என்பதும் தெரிந்தன. அந்தப் பாக்டீரியாவுக்கு எதிராக வாய்வழி கொடுக்கக்கூடிய மாத்திரைகள் பெரும்பாலும் அந்த ஓர் இனத்தில் மட்டுமே உள்ளன. அந்த வாயிலும் அடைபட்டுவிட்டதால், ஊசி மருந்துக்காக அவரை உள்நோயாளராகச் சேர்க்க வேண்டியதாயிற்று. இன்று அவர் நலமாக இருக்கிறார். ஆனால் கடலுக்குப் போக முடியாமல் அவர் இழந்த வாரங்கள் திரும்பி வரப்போவதில்லை.

இந்நிலை மற்றவர்க்கு வராதிருக்க என்ன செய்யலாம் என்பதை விளக்கவே இக்கட்டுரை.

சைனஸ் அறையும் ஆற்று முகத்துவாரமும்

நெற்றியிலும் கன்னங்களிலும் மூக்கின் மேற்பகுதியிலும் எலும்புக்குள் காற்று நிறைந்த அறைகள் உள்ளன. இவையே சைனஸ் அறைகள். இவற்றின் உட்சுவரில் மெல்லிய சவ்வு படர்ந்துள்ளது. அது நாள்தோறும் சளியைச் சுரக்கிறது. சவ்வின் மேலுள்ள நுண்மயிர்கள் அச்சளியைச் சிறு திறப்புகளை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கின்றன.

சீனிவாசபுரத்தை அடுத்துள்ள அடையாற்று முகத்துவாரத்தை நம் வட்டாரத்தார் அறிவர். மணல்மேடு அதை அடைத்துவிட்டால் ஆற்றுநீர் கடலில் சேராமல் தேங்குகிறது. சைனஸ் அறையிலும் ஏறத்தாழ இதுவே நிகழ்கிறது. அழற்சியால் சவ்வு வீங்கித் திறப்பு அடைபடுகிறது; சளி தேங்குகிறது; தேங்கிய சளியில் கிருமிகள் பெருகுகின்றன. மூக்கடைப்பு, சளி ஒழுகுதல் ஆகியவற்றுள் ஒன்றேனும், அதனுடன் முகத்தில் வலி அல்லது பாரம், மோப்ப உணர்வு குன்றுதல் போன்றவையும் 12 வாரங்களுக்கு மேல் நீடித்து, உள்நோக்குப் பரிசோதனையிலோ சி.டி. ஸ்கேனிலோ அழற்சி உறுதிப்பட்டால் அதனை நாள்பட்ட சைனஸ் அழற்சி என்கிறோம்.

அறுவை சிகிச்சை, முகத்துவாரத்தின் மணலை அகற்றி வழியைத் திறந்துவிடுகிறது. ஆனால், சவ்வு வீங்கியதற்கான காரணம் அதனால் மறைந்துவிடுவதில்லை. ஒவ்வாமை, ஆஸ்துமா, புகை, உடலின் எதிர்ப்பாற்றல் செயல்படும் விதம் எனக் காரணங்கள் பல. இவற்றுள் எதையும் ஆன்டிபயாடிக் மாற்றாது. அது பாக்டீரியாவை மட்டுமே தாக்கும் மருந்து. ஆகவேதான், அறுவைக்குப் பின் நாள்தோறும் தொடர வேண்டிய சிகிச்சையாக உப்புநீரால் மூக்கைக் கழுவுவதையும் ஸ்டெராய்டு தெளிப்பு மருந்தையும் முன்வைக்கிறோம். 2020ஆம் ஆண்டின் ஐரோப்பிய மருத்துவ வழிகாட்டியும் இவ்விரண்டையே அடிப்படைச் சிகிச்சையாகக் கொள்கிறது.

அறுவைக்குப் பின் இயல்பாக நிகழ்பவை

முதல் சில நாள்கள் இரத்தம் கலந்த நீர் கசியும். முதல் வாரத்தில் மூக்கு முழுவதும் அடைத்தது போலிருக்கும். இது உள்ளே ஏற்பட்ட வீக்கத்தினால் வருவது. இரண்டாம், மூன்றாம் வாரங்களில் உறைந்த இரத்தமும் சளியும் காய்ந்து பழுப்பு நிறப் பொருக்குகளாகும். கழுவும்போது அவை துண்டு துண்டாக வெளிவரலாம்; சிறிது நாற்றமும் இருக்கலாம். சளி மஞ்சளாகவோ கெட்டியாகவோ வருவதும் உண்டு. உள்ளே உள்ள புண் முற்றிலும் ஆறுவதற்கு இரண்டு முதல் மூன்று மாதங்கள் வரை ஆகலாம்.

இங்கு ஒன்றை வலியுறுத்த விரும்புகிறோம். சளியின் நிறத்தை மட்டும் வைத்துக் கிருமித் தொற்று என்று முடிவு செய்ய இயலாது. நம் உடலின் வெள்ளணுக்கள் மிகுதியாகக் கூடும்போதும் சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறும். உண்மை நிலையை அறிய உள்நோக்கிப் பார்த்தே ஆக வேண்டும். மறுபரிசோதனைக்கு நாங்கள் குறித்துக் கொடுக்கும் நாள்களைத் தவறவிடக் கூடாது என்று சொல்வது இதனால்தான். அப்போது பொருக்குகளையும் அகற்றுகிறோம். பல நேரங்களில் அந்தச் சில நிமிடத் தூய்மைப் பணியே மாத்திரையின் தேவையை நீக்கிவிடுகிறது.

ஆன்டிபயாடிக் எப்போது தேவைப்படும்?

அறுவையை ஒட்டிச் சில நாள்களுக்கு மருத்துவர் ஆன்டிபயாடிக் தரலாம். மூக்கினுள் பஞ்சு அடைப்பு வைக்கப்பட்டிருந்தாலோ, அறுவையின்போது சீழ் காணப்பட்டாலோ இதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால், எல்லோருக்கும் வாரக்கணக்கில் கொடுப்பதால் தொற்று பெரிதும் குறைகிறது என்பதற்குத் தெளிவான சான்று இல்லை. ஆகையால், ஒருவருக்கு எழுதித் தந்ததை மற்றொருவருக்கு எழுதித் தராததைக் கண்டு கலங்க வேண்டாம்.

பின்னாளில், திறந்துவிட்ட அறையிலிருந்து சீழ் வருவதை உள்நோக்குக் கருவியால் காணும்போதும், அதனுடன் முகவலி, காய்ச்சல், மூக்கடைப்பு மிகுதல் போன்றவை இருக்கும்போதும் ஆன்டிபயாடிக் உண்மையாகவே பயன் தரும். அப்போது சீழை நேரடியாக எடுத்துக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்புகிறோம். எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பது பெரும்பாலும் இரண்டு மூன்று நாள்களில் தெரிந்துவிடும். ஏற்கெனவே ஆன்டிபயாடிக் உட்கொண்டிருந்தால் கிருமி வளராமல் போய், முடிவு தவறாக அமையக்கூடும். எனவே, வேறெங்கேனும் மாத்திரை வாங்கி உட்கொண்டிருந்தால் அதை மறைக்காமல் கூறுங்கள். அட்டையையும் கொண்டு வாருங்கள். அதற்காக யாரும் உங்களைக் கடிந்துகொள்ள மாட்டோம்.

பரிசோதனையில் கிருமி வளர்ந்தது என்பதாலேயே மருந்து தேவை என்றும் ஆகிவிடாது. நலமாக உள்ளவர்களின் மூக்கிலும் கிருமிகள் வாழ்கின்றன. அறிகுறி, உள்நோக்கிக் கண்டது, ஆய்வக முடிவு ஆகிய மூன்றையும் சேர்த்தே மருத்துவர் முடிவெடுப்பார்.

தொற்று திரும்பத் திரும்ப வந்தால், காரணம் வேறிடத்தில் இருக்கலாம். மேல்தாடைப் பல்லின் வேரில் உள்ள சீழ் கன்னத்துச் சைனஸில் பரவுவதுண்டு. அங்கே பல்லுக்குச் சிகிச்சை செய்யாமல் நோய் தீராது. பூஞ்சையால் வரும் ஒவ்வாமைச் சைனஸ் அழற்சியும் நம் நாட்டில் பரவலாகக் காணப்படுகிறது. பூஞ்சையின் மீது ஆன்டிபயாடிக் செல்லுபடியாகாது.

மாதக்கணக்கில் கொடுக்கும் மாத்திரை

சிலருக்குக் கிளாரித்ரோமைசின், அசித்ரோமைசின் போன்ற மருந்துகளைக் குறைந்த அளவில் மூன்று மாதம் வரை கொடுக்கும் முறை உண்டு. 1980களில் ஜப்பானில் நுரையீரலின் நுண்குழாய்களைத் தாக்கும் நாள்பட்ட நோய் ஒன்றுக்கு எரித்ரோமைசினை இவ்வாறு கொடுத்தபோது நல்ல பலன் கிடைத்தது. அந்நோயாளர் பலருக்கு இருந்த சைனஸ் அழற்சியும் தணிந்தது. கிருமியைக் கொல்வதோடு அழற்சியைத் தணிக்கும் தன்மையும் இம்மருந்துகளுக்கு உண்டு என்பதே இம்முறையின் அடிப்படை.

ஆனால், இது எல்லோருக்கும் ஏற்றதன்று. பிரிட்டனில் நடந்த 'மேக்ரோ' என்னும் ஆய்வின் முடிவு 2025இல் லான்செட் இதழில் வெளியாயிற்று. அதில் எல்லோரும் மூக்குக் கழுவலையும் ஸ்டெராய்டு மருந்தையும் தொடர்ந்தனர். அவற்றோடு மூன்று மாதம் கிளாரித்ரோமைசின் உட்கொண்டவர்களுக்கும் வெற்று மாத்திரை உட்கொண்டவர்களுக்கும் ஆறாம் மாதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் நிலையே மேம்பட்டிருந்தது. அறுவைக்குப் பிறகான நிலையை அந்த ஆய்வு நேரடியாக ஆராயவில்லை. ஆயினும், நீண்ட நாள் மாத்திரையை எளிதாகத் தொடங்கிவிடக் கூடாது என்பதை அது உணர்த்துகிறது. இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்களும், கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை உட்கொள்பவர்களும் அவற்றை முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

தாமாக வாங்குவதால் வரும் கேடு

ஆன்டிபயாடிக்கைத் தேவையின்றி உட்கொள்ளும் ஒவ்வொரு முறையும், அதற்கு மடியும் பாக்டீரியாக்கள் அழிந்து, மடியாதவை எஞ்சிப் பெருகுகின்றன. மூக்கில் மட்டுமின்றிக் குடலிலும் தோலிலும் இது நிகழ்கிறது. அவை அதே வீட்டிலுள்ள குழந்தைக்கும் முதியவருக்கும் பரவக்கூடும்.

இது நம் நகரத்தோடு நெருங்கிய தொடர்புடைய செய்தி. 2010ஆம் ஆண்டு லான்செட் குழுமத்தின் தொற்றுநோய் இதழில் வெளியான ஓர் ஆய்வு உலகின் கவனத்தை ஈர்த்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி அதன் முதல் ஆசிரியர். மிக வலிமை வாய்ந்த ஆன்டிபயாடிக்குகளையும் செயலிழக்கச் செய்யும் என்.டி.எம்.-1 என்னும் நொதியைக் கொண்ட பாக்டீரியாக்கள், சென்னையில் சேகரித்தவற்றில் மட்டும் 44 என அது பதிவு செய்தது. ஈராண்டுகள் கழித்து, 2012 ஆகஸ்ட் மாதம் நாட்டின் மருத்துவச் சங்கங்கள் பல சென்னையில் கூடி இச்சிக்கலைத் தீர்ப்பதற்கான வழிமுறைகளை வகுத்தன. 'சென்னைப் பிரகடனம்' என்று அது அறியப்படுகிறது. மருத்துவர் சீட்டின்றி ஆன்டிபயாடிக் விற்பதைக் கட்டுப்படுத்துவது அதன் முதன்மையான கோரிக்கைகளுள் ஒன்று.

2014 மார்ச் 1 முதல் 'எச்1' என்னும் அட்டவணை நடைமுறையில் உள்ளது. லீவோஃப்ளாக்சசின், செஃபிக்சிம் உள்ளிட்ட பல ஆன்டிபயாடிக்குகள் அதில் அடங்கும். இவற்றை விற்கும்போது மருத்துவர், நோயாளர், மருந்து ஆகியவற்றின் விவரங்களைத் தனிப் பதிவேட்டில் எழுதி, மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்பது விதி. மாத்திரை அட்டையில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கையோ, சிவப்புக் கோடோ இருக்கக் கண்டால், சீட்டின்றி அதை வாங்காதீர்கள்.

மருத்துவர் எழுதித் தந்த பின்

தேவை உறுதியாகி ஆன்டிபயாடிக் எழுதித் தரப்பட்டால், அதனை முறையாக உட்கொள்ளுங்கள். நலம் தெரிகிறதென்று நீங்களே நிறுத்தவோ, நலம் தெரியவில்லையென்று நீங்களே நீட்டிக்கவோ வேண்டாம். எஞ்சிய மாத்திரையைச் சேமித்து வைக்கவும், பிறர்க்குக் கொடுக்கவும் கூடாது.

அமாக்சிசிலின்-கிளாவுலனேட் மாத்திரையை உணவோடு சேர்த்து உட்கொண்டால் வயிற்றுத் தொல்லை குறையும். பென்சிலின் ஒவ்வாமை உள்ளவர்கள் இதனை உட்கொள்ளக் கூடாது. டாக்சிசைக்ளின் உட்கொள்ளும் நாள்களில் வெயில் பட்டால் தோல் எளிதில் கன்றிவிடும். படகிலும் மீன் சந்தையிலும் வெயிலில் நிற்பவர்கள் இதை மருத்துவரிடம் சொல்லி, உடலை மறைக்கும் ஆடை அணிய வேண்டும். அம்மாத்திரையை நிறைய நீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும். லீவோஃப்ளாக்சசின் உட்கொள்ளும்போது குதிகால் நரம்பில் வலி ஏற்பட்டால் உடனே நிறுத்திவிட்டு எங்களை அணுகுங்கள். இரும்புச்சத்து, கால்சியம், அமிலம் தணிக்கும் மருந்துகள் ஆகியவற்றை இவ்விரு மாத்திரைகளுடன் சேர்த்து உட்கொண்டால் அவற்றின் பலன் குன்றும். சில மணி நேர இடைவெளி தேவை.

மூக்கைக் கழுவும் முறை

மருந்துக்கடைகளில் கிடைக்கும் கழுவல் பொடிப் பொட்டலமும் அழுத்துக் குப்பியும் எளிதானவை. வீட்டிலேயே தயாரிப்பதாயின், கொதித்து ஆறிய அரை லிட்டர் நீரில் அயோடின் சேர்க்காத தூள் உப்பு தலைதட்டி ஒரு தேக்கரண்டியும், ஆப்ப சோடா ஒரு சிட்டிகையும் கலந்துகொள்ளலாம். அன்றன்று தயாரித்ததை அன்றே பயன்படுத்துங்கள்.

நீரைச் சில நிமிடங்கள் நன்கு கொதிக்கவிட வேண்டும். குழாய் நீர், லாரி நீர், கேன் நீர் எதுவாயினும் இதில் விலக்கு இல்லை. குடிக்க ஏற்ற நீர் மூக்கினுள் செலுத்தவும் ஏற்றது என்று எண்ணிவிடக் கூடாது. 2011இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கொதிக்க வைக்காத குழாய் நீரால் மூக்கைக் கழுவிய இருவர், மூளையைத் தாக்கும் அமீபாவால் உயிரிழந்தனர். இது மிக அரிதாக நிகழ்வது; நீரைக் கொதிக்க வைத்தால் தடுத்துவிடக் கூடியது.

"கடல்நீரும் உப்புநீர்தானே, அதிலேயே கழுவலாமே?" என்று கரையோர மக்கள் சிலர் கேட்பதுண்டு. கடல்நீரில் உள்ள உப்பு நம் உடல்நீரில் உள்ளதைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. ஆறாத புண்ணை அது எரிச்சலுறச் செய்யும். கூவமும் அடையாறும் கலக்கும் கரையோர நீரின் தூய்மையையும் நம்ப இயலாது. ஆகவே, அது வேண்டாம்.

கழுவும்போது தொட்டியின் மேல் முன்புறம் குனிந்து, வாயால் மூச்சு விட்டபடி, ஒரு துளையில் மெதுவாக நீரைச் செலுத்துங்கள். மறு துளை வழியாக அது வெளியேறும். பிறகு மறுபக்கம். ஸ்டெராய்டு தெளிப்பைக் கழுவிய சிறிது நேரத்துக்குப் பின் பயன்படுத்துங்கள். தெளிப்பு முனையை நடுச்சுவரை நோக்கிப் பிடிக்காமல், அதே பக்கத்துக் காதை நோக்கிச் சற்றே சாய்த்துப் பிடியுங்கள். குப்பியை ஒவ்வொரு முறையும் கழுவி உலர்த்தி வையுங்கள்.

தொழிலுக்குத் திரும்புதல்

முதல் வாரத்தில் மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். முதல் இரண்டு வாரங்களுக்கு வலை இழுத்தல், படகைத் தள்ளுதல், மீன்கூடை சுமத்தல் முதலான மூச்சடக்கிச் செய்யும் வேலைகளைத் தவிர்க்க வேண்டும். இரத்தக் கசிவுக்கு அவை காரணமாகும். கடலில் மூழ்குவதற்கு மருத்துவரின் அனுமதி பெற்ற பிறகே துணிய வேண்டும். புகைப்பவர்கள் அதை விட்டொழிப்பது சவ்வு ஆறுவதற்குப் பேருதவியாகும். வீட்டில் மற்றவர் புகைப்பதும் இவ்வாறே தீங்கு செய்யும்.

உடனே வர வேண்டிய அறிகுறிகள்

கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை மங்குதல், இரட்டையாகத் தெரிதல், கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, கடும் காய்ச்சல், நிற்காத இரத்தப்போக்கு, குனியும்போது ஒரு துளையிலிருந்து மட்டும் தெளிந்த நீர் சொட்டுதல். இவற்றுள் எது தோன்றினும் காலந்தாழ்த்தாமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள். வாகனம் இல்லையேல் 108ஐ அழையுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு முகத்தில் மரத்துப்போதலோ, மூக்கிலோ அண்ணத்திலோ கருநிறப் படிவோ தோன்றினால் அதுவும் அவசரமே. 2021இல் கொரோனாவின் இரண்டாம் அலையில் பரவிய கருப்புப் பூஞ்சை நோயை நினைவில் கொள்க.

இவை எதுவும் இன்றிச் சளி மட்டும் மஞ்சளாக வந்தால், மருந்துக்கடைக்குச் செல்லும் முன் எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வாருங்கள். குறித்த நாளுக்கு முன்னரே வந்தாலும் பார்க்கிறோம். உள்நோக்கிப் பார்த்து, தேவையானால் மாத்திரை எழுதித் தருவோம்; தேவையில்லையெனில் பொருக்கை அகற்றி அனுப்புவோம். திறந்துவிட்ட முகத்துவாரத்தில் மீண்டும் மணல் சேராமல் காப்பது அன்றாடப் பணி. அதை உங்கள் வீட்டில் காலையும் மாலையும் ஒரு குப்பி உப்புநீர் செய்கிறது.